கலப்புப் பயிரும் நிலத்தின் தழைச்சத்தும்

தூத்துக்குடி என்ற மாத்திரத்தில் நம் உள்ளம் கடலையே நாடுகின்றது. முத்து, சங்கு, உப்பளம், தோணி, துறைமுகம் என்பனவே முதற்கண் நினைவிற்கு வருவன. ஆயினும் இத்துறைமுகத்தைப் பெரிதாக்கியது கடல் தந்த பொருள் மாத்திரமன்று. கரிசல் தந்த பொருளுமாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய பகுதிகளில் விளைந்த பருத்தி பொதிபொதியாக இவ்விடம் வந்து கப்பலேறி, மேனாட்டுச் சந்தைகளில் திருநெல்வேலிப் பருத்தி என்னும் பெயரால் விலைபோயிற்று. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதிகள் யாவும் திருநெல்வேலியோடு சேர்ந்திருந்தவையே. அந்தக் கரிசல் நிலத்திலிருந்து இன்றும் ஒரு பொருள் வெளியேறிக்கொண்டிருக்கின்றது. அதற்குச் சுங்கமில்லை, விலைச்சீட்டில்லை, அது கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை. உழவர் தழைச்சத்து என்றும் நூலார் நைட்ரஜன் என்றும் கூறும் பொருளே அது.

ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் விதைத்து, மூட்டை மூட்டையாக யூரியா இடும் இக்கால வழக்கம் இவ்விழப்பை மிகுவிக்கின்றது என்பதும், நம் முன்னோர் கைக்கொண்ட கலப்புப் பயிர் முறை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இதனைக் குறைக்க வல்லது என்பதும் நமது கருத்து. அந்நிபந்தனைகளைக் கூறாது கலப்புப் பயிரை வெறிதே புகழ்வாரோடு நமக்கு உடன்பாடில்லை.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கு எருவிலும் உரத்திலும் என்ன வேலை என வினவுவாரும் உளர். உழவு அதிகாரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதற்கு மாத்திரம் நமக்கு உரிமையுண்டு, அதன் பொருளை வயலில் வைத்து நோக்க உரிமையில்லை என்பது வியப்பான கொள்கையாகும். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்பது திருக்குறளின் கருத்து. இது கவியின் மிகைக்கூற்று என நம்முள் பலர் எண்ணியிருக்கக்கூடும். கீழை ஆப்பிரிக்காவில் மண்ணாய்வு செய்த பர்ச் என்பவர் 1958-இல் வெளியிட்ட முடிபு யாதெனின், நன்றாய்க் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகித் தொழிற்பட்டு, மக்கிய பொருளில் கட்டுண்டிருந்த தழைச்சத்தைப் பயிர் உண்ணத்தக்க நிலையில் விடுவிக்கின்றன என்பதே. காய்ந்த புழுதியில் ஆற்றல் உண்டு என்று கண்டவர் பொய் சொல்லவில்லை. ஆயின் அடுத்த குறளே உழுவதினும் எருவிடுதல் நன்று என்று கூறுகின்றது. புழுதி தருவது வைப்புநிதியிலிருந்து எடுக்கும் பணம் போன்றது. எடுத்ததைத் திரும்ப வையாவிடின் நிதி தீரும்.

நிற்க. தழைச்சத்தின் இயல்பைச் சிறிது கூறுவோம். பழைய பாடநூல்கள் உப்புவாயு எனப் பெயரிட்ட நைட்ரஜன், நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு உள்ளது. அவ்வளவு இருந்தும் எப்பயிரும் அதனை நேரே உண்ண இயலாது. கடல் நடுவே தாகத்தால் வருந்துவான் நிலைமையே பயிரினதும். 1886-இல் ஜெர்மானிய அறிஞராகிய ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர், அவரை, பட்டாணி முதலிய பயிர்களின் வேர்முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன என்று மெய்ப்பித்தனர். 1909-இல் அந்நாட்டவரே ஆகிய ஹேபர் அதே வேலையை இரும்புக் கலத்துள் மிக்க அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் செய்து காட்டினார். அவ்வழியில் அமைந்ததோர் ஆலை நம் ஊரிலேயே உள்ளது. ஸ்பிக் தொழிற்சாலை 1975-இல் இங்கு யூரியா செய்யத் தொடங்கிற்று. ஆகவே உளுந்தின் வேரும் உரத்தொழிற்சாலையும் ஒரு தொழிலையே செய்கின்றன எனலாம். வேறுபாடு என்னவெனில், வேர் தனக்கு வேண்டுமளவே செய்கின்றது. ஆலையின் மூட்டையோ ஒரே நாளில் வயலில் கொட்டப்படுகின்றது.

கொட்டியது எங்கே போகின்றது? இதனை அறியக் கரிசலின் குணத்தை அறிதல் வேண்டும். கரிசல் கோடையில் வெடித்துப் பிளக்கும். சில வெடிப்புக்களில் கை முழுதும் நுழையும். புரட்டாசி ஐப்பசியில் முதல் மழை பெய்யும்போது நீர் அவ்வெடிப்புக்களின் வழியே நேரே கீழிறங்குகின்றது. காய்ந்த மண் அப்பொழுதுதான் விடுவித்த நைட்ரேட்டு என்னும் உப்பு, நீரில் எளிதில் கரைவதாதலின், அந்நீரோடு செல்கின்றது. அதனைத் தடுத்து உண்ணும் வேர் அவ்வேளையில் வயலில் இல்லை. பின்னர் மழை தொடரவே, களிமண் ஊதி வெடிப்புக்களை மூடிக்கொள்கின்றது, நீர் தேங்குகின்றது, மண்ணுள் காற்று அற்றுப்போகின்றது. காற்றற்ற இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டு எஞ்சியதை வாயுவாக்கி வானில் விடுகின்றன. அவ்வாயுவில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு. இது நூறாண்டு அளவில் கரியமில வாயுவைக் காட்டினும் ஏறத்தாழ 273 மடங்கு பூமியைச் சூடாக்குவது. மூன்றாவது வழி ஒன்றுண்டு. சுக்கான் கலந்த நம் கரிசல் காரத்தன்மை மிக்கது. ஈரமான கார மண்ணின் மேல் யூரியாவைத் தூவி மூடாமல் விட்டால் அது சில நாட்களில் அம்மோனியாவாகிப் பறக்கின்றது. அரசாங்கத்தார் 2015 முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசச் செய்தது நன்றே. அதனால் நைட்ரேட்டாய் மாறும் வேகம் தணியும். ஆயினும் அம்மோனியாவாய்ப் பறப்பதை அப்பூச்சு தடுக்காது. வெள்ளத்தோடு மேல்மண்ணே அரித்துச் செல்லப்படுவது நான்காவது வழி.

இனிக் கலப்புப் பயிரின் செயலை நோக்குவோம். இம்மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரி 650 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களைச் சுற்றியே பெய்துவிடும். மானாவாரிப் பருத்தியோ முதல் இரண்டு மாதம் மிக மெல்ல வளரும் செடி. ஆகவே மழை வலுக்கும் காலத்தில் பருத்தி வரிசைகளுக்கு நடுவே நிலம் வெறுமையாய்க் கிடக்கின்றது. சத்து இழப்பதற்கு இதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. அவ்விடைவெளியில் உளுந்தை விதைத்த நம் முன்னோர் ரசாயனம் கற்றவரல்லர், காலம் அறிந்தவர். உளுந்து விரைவில் முளைத்து நிலத்தை மூடும். மழைத்துளி மண்ணை அடித்துக் கரைப்பது குறையும். மேல் மண்ணில் திரியும் நைட்ரேட்டை அதன் வேர் ஓரளவு பற்றிக்கொள்ளும். 65 முதல் 75 நாளில் அது முதிர்ந்து நீங்க, அதுவரை பொறுத்திருந்த பருத்தி தன் ஆணிவேரை ஆழச் செலுத்தி, கீழிறங்கிய ஈரத்தையும் சத்தையும் தேடிப் பிடிக்கும். உளுந்து உதிர்த்த இலையும், மண்ணில் விட்டுச்சென்ற வேரும் மக்கிச் சத்தை விடும் காலமும், பருத்தி பூத்துக் காய்க்கும் காலமும் ஏறக்குறைய ஒத்துவருகின்றன. ஒரே நிலத்தில் மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள் காவல் நிற்கின்றன எனலாம். மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுக. முதல் மழை விடுவிக்கும் சத்தை வாங்கிக்கொள்ள விதை அங்கே ஆயத்தமாய்க் கிடக்கின்றது.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. தினைத்தாள் மறுபடி தழைக்க, அதன்மேல் அவரைக்கொடி படர்ந்து பூக்கும் புனத்தைக் குறுந்தொகை காட்டுகின்றது. காதலர் வரவுக்குக் காலங்குறித்த அவ்விடத்தை நாம் நயம் பாராட்டிப் படிக்கிறோம். தினையை அடுத்து அவரை ஏன் வந்தது என்று நம் வகுப்பில் எவரும் கேட்டதாக நினைவில்லை.

கலப்புப் பயிரை ஆதரிப்பார் சிலர் கூறும் ஒரு பேச்சு மட்டும் நமக்கு ஒப்புவதன்று. பயறு தன் வேரில் சேர்த்த தழைச்சத்தை அண்டையிலுள்ள சோளத்திற்கும் கம்பிற்கும் அப்பொழுதே வாரி வழங்குகின்றது என்பர். அத்தகைய வண்மை பயற்றுக்கு இல்லை. உயிரோடு இருக்கும் வரை அது பிறர்க்குக் கொடுப்பது சிறிதே. உண்மையில் நிகழ்வது வேறு. கம்பும் மக்காச்சோளமும் மண்ணிலுள்ள நைட்ரேட்டை உண்பதில் பயற்றினும் விரைவுடையன. அவை அதனை முந்தி உண்டுவிடவே, பயறு வேறு வழியின்றிக் காற்றை நாடித் தன் உணவைத் தானே தேடிக்கொள்கின்றது. ஆகவே மண்ணில் வீணே திரிந்து மழையில் அடித்துச் செல்லப்படும் நைட்ரேட்டு குறைகின்றது. மக்காச்சோளத்தின் வேரிலிருந்து கசியும் பொருள்கள் அருகிலுள்ள மொச்சை இனப் பயிரின் வேர்முண்டுகளைப் பெருகச் செய்கின்றன என்று சீன அறிஞர் 2016-இல் வெளியிட்டனர். இதனை ஈகை என்பதினும் நெருக்குதல் என்பதே பொருந்தும். நெருக்குண்டால்தான் பயறு உழைக்கும்.

இதிலிருந்தே நம் முதல் நிபந்தனை பிறக்கின்றது. கலப்புப் பயிர் செய்துவிட்டு யூரியாவையும் பழைய அளவே இடுவோமாயின் ஒரு பயனும் இல்லை. மண்ணில் நைட்ரேட்டு மலிந்திருந்தால் பயற்றின் வேர்முண்டுகள் தொழிலை விட்டுவிடும். காற்றிலிருந்து பிடிப்பதும் குறையும். இட்ட உரம் வழக்கம்போல் வெள்ளத்திலும் வானிலும் போகும். உரத்தைக் குறையாத கலப்புப் பயிர், கடனைக் குறையாமல் உண்டியலில் காசு போடுவது போன்றது.

காய்க்கும் செடியெல்லாம் இவ்வேலை செய்யும் என்று எண்ணுவதும் தவறு. நம் துறைமுகத்திலிருந்து நெடுங்காலமாகக் கப்பலேறும் நிலாவரை, உளுந்தின் குலத்தைச் சேர்ந்ததே. உலக மருந்துக்கடைகளில் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கி நிற்பதும் அதுவே. ஆயின் அதன் வேரில் முண்டுகள் உண்டாவதில்லை. குலம் ஒன்றாயினும் குணம் வேறு.

விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்து உழவர் மிளகாயோடு கொத்தமல்லியும் விதைப்பதுண்டு. இரண்டும் காற்றைப் பிடிக்கும் பயிர்களல்ல. எனினும் நிலத்தை மூடுவதிலும், வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் சத்தைப் பற்றுவதிலும் அக்கலப்பிற்குப் பயன் உண்டு. ஆகவே இழப்பைத் தடுத்தல் ஒன்று, புதிதாய்ச் சேர்த்தல் மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் ஆகாது.

அறுவடைக்குப் பின் நிகழ்வதும் கருதத்தக்கது. உளுந்தின் தழைச்சத்தில் பெரும்பங்கு மணியில் ஏறிச் சந்தைக்குப் போய்விடுகின்றது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்துப் பொட்டையும் மாட்டுக்கு இட்டால் நிலத்திற்கு எஞ்சுவது மிகச் சிறிது. மாட்டின் சாணம் வயலுக்குத் திரும்பினால் கணக்கு ஒருவாறு நேராகும். வறட்டியாய் அடுப்பேறினால் அதுவும் புகையே. முன்னாளில் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிவந்து அறுவடையான கரிசலில் கிடை போடுவர். இன்றும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. கிடை போட்ட நிலத்தைக் காலந்தாழ்த்தாது உழுது புழுக்கையையும் மூத்திரத்தையும் மண்ணுள் புதைத்தல் வேண்டும். கிடை போட்டுவிட்டு உழாமல் விடும் நிலத்தில் நாசியை எரிக்கும் வாடை வீசும். அவ்வாடையே தழைச்சத்து.

இவ்வளவு நன்மை கலப்பில் உண்டாயின் உழவர் அதனைக் கைவிடுவானேன்? உழவரை அறியாதவர் என்று எழுதுவது நகரத்தில் இருந்து எழுதுவார்க்கு எளிது. ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், புதூர்ச் சாலைகளில் இன்று மக்காச்சோளம் கண்ணுக்கெட்டும் வரை நிற்கின்றது. கோழித்தீவனத்திற்கு அதனை வாங்குவார் உளர். பறிப்பதற்கு ஆள் கிடைக்காத காலத்தில் அறுக்கும் இயந்திரம் வயலுக்கே வருகின்றது. உளுந்தங்காய் இரண்டு மூன்று முறையாக முதிரும். அதனைப் பறிக்கும் கூலியை யார் கொடுப்பது? அன்றியும் மக்காச்சோளத்தில் களையைக் கொல்ல அட்ரசின் என்னும் மருந்தைத் தெளிக்கின்றனர். அது சோளத்தை விட்டுவிட்டுப் பயற்றைக் கொன்றுவிடும். ஆகவே அம்மருந்து நுழைந்த வயலில் கலப்பு என்பதே இல்லை. 2018-இல் இந்தியாவினுள் புகுந்த படைப்புழு மக்காச்சோளத்தை அழித்த பின்னரும் பலர் அப்பயிரை விட்டிலர் என்றால், அவரை நெருக்கும் காரணங்கள் எத்துணை வலியன என்பது விளங்கும்.

விலையும் அதே பக்கம் நிற்கின்றது. 45 கிலோ யூரியா மூட்டை வரி நீங்கலாக 242 ரூபாய். அதனுள் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்து. மீதி விலையை அரசாங்கம் செலுத்துகின்றது. மூட்டை வாங்குவோனுக்கு உதவி; அதே தழைச்சத்தைத் தன் வயலில் உளுந்தின் வேரால் உண்டாக்குவோனுக்கு அவ்வாறு ஓர் உதவியும் இல்லை. ஏழை உழவனுக்கு யூரியா விலையை உயர்த்துக என்று நாம் கூறவில்லை. மூட்டைக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை, கலப்புப் பயிர் செய்து உரத்தைக் குறைப்போர்க்கு ஏக்கர் கணக்கில் கொடுத்தால் என்ன என்று கேட்கின்றோம். விதைக்கும் கூலிக்கும் பறிக்கும் கூலிக்கும் அது ஆகும்.

கடற்கரையில் வாழும் நம்மவர்க்கு இஃது அயலார் காரியம் அன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையை மறந்தவர் இலர். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் மிகுதி. குளங்கள் உடைந்தன, உளுந்தும் பாசியும் சோளமும் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தை எந்தக் கலப்புப் பயிரும் தடுத்திராது என்பது மெய். ஆயின் அன்று பழுப்பாய் ஓடிய நீரில் சென்றது நம் மாவட்டத்து மேல்மண். ஒவ்வோர் ஆண்டும் சிறுமழையில் சிறிது சிறிதாய்ச் செல்வதும் அதுவே. வைப்பாறும் கல்லாறும் தாமிரபரணியும் கொண்டுசேர்ப்பது மன்னார் வளைகுடாவில். அங்கே 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பவளம் தெளிந்த, சத்துக் குறைந்த நீரில் வாழும் இயல்பினது. தழைச்சத்து மிகுந்தால் பாசி மிகுந்து பாறையை மூடும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடல் பச்சை நிறமாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அதன் காரணம் முழுவதும் வயல் உரமே என நாம் கூறத் துணியோம். நகரச் சாக்கடையும், நீரோட்டமும், காற்றும் அதில் பங்குடையன. முத்துக்குளித்தல் நின்றதற்கு உரத்தைக் காரணமாகக் காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளித்தது 1961-இல். அப்பொழுது இக்கரிசலில் யூரியா காண்பதே அரிது. வழக்கில் பொய்ச்சாட்சி சேர்த்தால் மெய்ச்சாட்சியும் மதிப்பிழக்கும்.

கலப்புப் பயிரை மதித்தவர் பண்டைத் தமிழர் மாத்திரமல்லர். 1889-இல் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ஆங்கில ரசாயனர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில், பயிர் மாற்றுதல், கலந்து விதைத்தல், நிலத்தை ஆறவிடுதல் ஆகியவற்றில் இந்நாட்டு உழவர்க்குள்ள அறிவைக் கண்டு வியந்திருக்கின்றார். 1901-இல் கோவில்பட்டியில் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே உழைத்து வருகின்றது. பிற்காலத்தில் இயற்கை வேளாண்மைக்குத் தமிழகமெங்கும் குரல் கொடுத்த நம்மாழ்வார் 1960-களில் பணியாற்றியதும் அந்நிலையத்தில்தான். மழையை நம்பிய ஏழை நிலத்தில் விலைகொடுத்து உரம் வாங்கி இடச் சொல்லும் ஆராய்ச்சியின் மேல் அவர் கொண்ட அதிருப்தியும் அங்கேயே முளைத்தது. அவர் கூறியன யாவற்றையும் நாம் ஏற்கின்றோம் என்பதன்று. செயற்கை உரத்தை முற்றும் விலக்கினால் இந்நாட்டு மக்கட்பெருக்கிற்கு உணவு போதுமா என்னும் ஐயம் நமக்குண்டு. எனினும், மழை எப்பொழுது வரும் என்று அறியாதவன் உரத்தை எப்பொழுது இடுவது என்னும் கேள்வி நியாயமான கேள்வி. மூட்டை உரம் நாள் பார்த்து இட வேண்டியது. வேர் மழையோடு தானே எழுந்து வேலை செய்வது. நீர்ப்பாசனமுள்ள தாமிரபரணிக் கரை நெல்வயலுக்குச் சொல்லும் முறையை வானம் பார்த்த கரிசலுக்கும் சொல்லுதல் கூடாது.

விதைகளை ஒன்றாய்க் கலந்து வீசுவதற்கு மாறாக, இரு வரிசைப் பருத்தி அல்லது சோளத்திற்கு இடையே ஒரு வரிசையோ இரு வரிசையோ உளுந்து விதைத்தால், களையெடுப்பதும் அறுப்பதும் எளிதாகும். அறுவடை இயந்திரத்தின் அகலத்திற்கேற்ப வரிசைகளைப் பட்டை பட்டையாக அமைத்தலும் கூடும். களைமருந்தை விட்டு மாட்டுக் குண்டையோ சிறு இயந்திரக் கலப்பையோ கொண்டு இடையுழவு செய்யலாம். யூரியா இடவே வேண்டுமாயின் சோள வரிசையின் ஓரத்தில் மட்டும் மண்ணுள் புதைய இடுக. உளுந்து வரிசைக்கு வேண்டா.

நம் கல்லூரி அன்பர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரசாயன, தாவரவியல் வகுப்புக்களில் நைட்ரேட்டு அளக்கக் கற்றவர் பலர் இருக்கின்றனர். விடுதியில் தங்கிப் படிப்பாருள் கரிசல் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உளர். வருகின்ற ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கும் நாளில், தனி மக்காச்சோளம் நின்ற வயலிலிருந்து வடியும் நீரில் ஒரு புட்டியும், உளுந்து கலந்த வயலின் நீரில் ஒரு புட்டியும், கல்லாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு புட்டியும் எடுத்து வந்து சோதித்தால் என்ன? ஆறு வாரம் தொடர்ந்து செய்தால் ஒரு சிறு அட்டவணை கிடைக்கும். அதனைத் தமிழில் எழுதி இவ்விதழின் அடுத்த மலரில் வெளியிடும் பணியைத் தமிழ் வகுப்பினராகிய நாம் ஏற்றுக்கொள்வோம். புட்டிகளைச் சுமப்பதற்கும் உடன்வருவோம்.